சாட்சிக்கு வராத முயல்கள்

முதுகெலும்பு மூட்டுத் தேய்மானத்தை ஆராய எந்த விலங்கு நல்லது என்று ஆய்வு மாணவர்களான உங்களில் இருவர் போன வாரம் என்னைக் கேட்டீர்கள். முயலா, செம்மறியா, எலியா என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் ராயபுரத்துச் சூசையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், அதற்குள் உங்கள் பேருந்து வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். நாங்கள் என்ன ஊசி போட்டோம், எப்படி வெட்டினோம், எந்தச் சாயம் பூசினோம் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அவை இப்போது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கம். நான் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, நோய்க்கூறியலில் மேற்படிப்பும் முடித்துவிட்டு, ராயபுரத்தில் ஒரு தர்ம மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மனிதர்களுக்கான மருத்துவமனையில் மாட்டு டாக்டருக்கு என்ன வேலை என்று திருவொற்றியூரில் எங்கள் தெருவே கேட்டது. அங்கே எலும்பு அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைவர் ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் அவரைப் பெரிய டாக்டர் என்போம். அவர் பெயரைச் சொல்வது அவருக்குப் பிடிக்காது, இப்போதும் சொல்லப் போவதில்லை. அவருடைய வெளிநோயாளிகள் வரிசையில் பாதிப் பேர் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்கள். நாற்பது வயதுக்குள்ளேயே பின்பக்கம் வளைய முடியாமல், திரும்ப முடியாமல், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

ஒவ்வொரு முதுகெலும்பும் அடுத்ததோடு பின்புறத்தில் இரண்டு சிறு மூட்டுகளால் இணைந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நாளில் மருத்துவர்களே அதை அதிகம் பேசமாட்டார்கள். முதுகுவலி என்றால் எலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு விலகியது என்று முடித்துவிடுவார்கள். பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அந்தச் சிறு மூட்டுகளைக் காட்டுவார். "பாருங்க, வழவழன்னு இருக்க வேண்டிய இடம் உப்புக்காகிதம் மாதிரி இருக்கு. இது சுமையால வந்ததா, வயசால வந்ததா? படத்துல தெரியாது. தேய்மானம் ஆரம்பிக்கிற நாள்லேர்ந்து பார்க்கணும். மனுஷனை அப்படித் திறந்து பார்க்க முடியாது. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றார் முதல் நாளே.

எலியின் முன்கால்களை எடுத்துவிட்டால் அது மனிதனைப் போல நிமிர்ந்து நடக்கும், அதை வைத்துச் செய்யலாம் என்று வந்து போன நிபுணர் ஒருவர் யோசனை சொன்னார். பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். "அது நிமிர்ந்து நடக்காது சார், தத்தளிக்கும். தத்தளிக்கிற முதுகைப் பத்தித்தான் நமக்குத் தெரிய வரும்" என்றேன். அவர் அதற்கு மேல் அதைப் பேசவில்லை. முயல் என்று முடிவானது.

கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டி மருத்துவமனைக்குச் சொந்தமான பழைய கிடங்கு ஒன்று இருந்தது. அதில் கூண்டுகளை அடுக்கினோம். பாதி முயல்களுக்குத் துணியில் ஒரு சின்ன அங்கி. அதன் முதுகுப் பக்கத்தில், காசிமேட்டில் மீன் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை வாங்கி வைத்துத் தைத்தோம். மீதிப் பாதிக்கு அதே அங்கி, குண்டு இல்லாமல். சுமை தூக்கியது, தூக்காதது. பல மாதம் கழித்து மூட்டுகளை எடுத்து ஒப்பிடுவது. காகிதத்தில் இதைவிடத் தெளிவான சோதனை இருக்க முடியாது.

சூசை அப்போதுதான் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார். ராயபுரத்து மாதா கோயில் பக்கம் வீடு. தனியார் சரக்குக் கம்பெனி ஒன்றில் மூட்டை தூக்கியவர். நல்ல உயரம், ஆனால் நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையாலும் மேசையைப் பிடித்தாக வேண்டும். அவருடைய முதுகு தேய்ந்தது வயதால்தான், வேலையால் அல்ல என்று கம்பெனியின் டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதனால் கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. சுமையால் வந்தது என்று நிரூபித்தால் இலகுவான வேறு வேலை கொடுக்க வேண்டியிருக்கும். தொழிற்சங்கத்துக் கண்ணியப்பன் அவரை அழைத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் வந்தார். தொழிலாளர் துறைச் சமரச அதிகாரி முன்னால் விசாரணை வருகிறது, நீங்கள் வந்து சொல்ல வேண்டும் என்றார். பேச்சோடு பேச்சாகப் பெரிய டாக்டர் முயல்களைப் பற்றியும் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கிடங்குக்குப் போனபோது வாசலில் சூசை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சாக்கு நிறையக் கோஸ் இலை.

"இன்னா டாக்டரம்மா, லேட்டு? நா அப்பவே வந்துகினேன். எங்க கீதுங்க என் சாட்சிங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கூண்டு கூண்டாகப் போய் இலையை நீட்டினார். குனிய முடியாததால் கீழ் வரிசைக்கு மட்டும் என்னிடம் கொடுத்தார். ஈயக் குண்டு அங்கி போட்ட முயல் ஒன்றை வெகுநேரம் பார்த்தார்.

"பாவம், இதுக்கும் மூட்டையா" என்றார்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் வருவார். வேலை இல்லாத மனிதருக்குப் போக ஓர் இடம் கிடைத்திருந்தது. முயல்களுக்கு அவர் பெயர்கூட வைத்திருந்தார், என்னிடம் சொல்லவில்லை, அவர் கூப்பிடும்போது கேட்டிருக்கிறேன்.

மூட்டுகளை எடுத்துப் பார்க்கும் காலம் வந்தது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து நிறையக் கூண்டுகள் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு நின்றார். நான் மறைக்கவில்லை. எலும்பைப் பார்க்க வேண்டுமென்றால் முயல் உயிரோடு இருக்க முடியாது என்று சொன்னேன். அவர் சாக்கைக் கீழே வைத்தார். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"எனக்காவ" என்று மட்டும் சொன்னார்.

சுமை ஏற்றிய முயல்களின் மூட்டுகளை முதலில் பார்த்தோம். குருத்தெலும்பு உதிர்ந்து, ஓரங்கள் தடித்து, பெரிய டாக்டர் எக்ஸ்ரேயில் காட்டும் அதே படம். அவர் நுண்ணோக்கியை விட்டு எழவே இல்லை. "சூசையோட முதுகு இது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணியப்பனுக்குத் தொலைபேசியில் செய்தி போய்விட்டது.

சுமை ஏற்றாதவற்றைப் பார்க்கும் வேலை எனக்கு மிஞ்சியது. ஒப்பிடுவதற்காக மட்டும் வைத்திருந்தவை, அவற்றில் ஒன்றும் இருக்காது என்று எல்லோரும் நினைத்தோம். நுண்ணோக்கியில் வைத்த முதல் கண்ணாடி வில்லையிலேயே தேய்மானம் இருந்தது. தவறி மாற்றி எடுத்துவிட்டேனோ என்று இன்னொன்றை வைத்தேன். அதிலும் இருந்தது. பெரும்பாலானவற்றில் இருந்தது.

மறுநாள் காலை பெரிய டாக்டர் அறைக்குப் போனேன்.

"சார், சுமை ஏத்தாததுலயும் அதே தேய்மானம் இருக்கு."

"கொஞ்சம் குறைவா இருக்கும், பாருங்க."

"சிலதுல குறைவு. சிலதுல அதிகமாவே இருக்கு."

நான் வில்லைகளின் லேபிள்களின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, இரண்டு கூட்டத்தையும் கலந்து, தட்டை அவர் முன் வைத்தேன். எது சுமை தூக்கியது, எது தூக்காதது என்று அவரே பிரிக்கட்டும் என்பதற்காக. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிதானமாக இரண்டு குவியலாகப் பிரித்தார். பிளாஸ்திரியை உரித்துப் பார்த்தோம். கண்ணை மூடிக்கொண்டு பிரித்திருந்தாலும் அதே அளவுதான் சரியாக வந்திருக்கும்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே வெளிநோயாளிகள் கூப்பிடும் சத்தம்.

"இன்னிக்கு மத்தியானம் கண்ணியப்பன் வர்றார். நான் என்ன சொல்லணும்னு நினைக்கிறீங்க?"

"சுமை ஏத்தினதுல தேய்ஞ்சிருக்குன்னு சொன்னா அது பொய் இல்ல சார். ஆனா எதிர்த்தரப்பு டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும். ஏத்தாததுல என்ன இருந்துதுன்னு. அதுக்கு அப்புறம் நீங்க சூசை முதுகைப் பத்திச் சொல்ற எதையும் யாரும் நம்ப மாட்டாங்க."

"கேட்கலைன்னா?"

"கேட்கலைன்னா நமக்கே தெரியுமே சார்."

அவர் என்னை அனுப்பிவிட்டார்.

நான் நேரே கொருக்குப்பேட்டைக்குப் போனேன். கல்லூரியில் எனக்கு நோய்க்கூறியல் சொல்லிக் கொடுத்தவர் ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரர். செத்த விலங்கில் ஏதாவது புரியவில்லை என்றால், உயிரோடு இருக்கும் அதன் கூட்டத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று துரத்துவார். மிச்சமிருந்த முயல்களுக்கு எதிரே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். தீனி வைக்கவோ எடை பார்க்கவோ இல்லாமல் நான் அங்கே சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பக்கத்து ரயில் யார்டில் சரக்கு வேகன்களைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வேகன் இன்னொன்றில் மோதும் ஒவ்வொரு முறையும் கிடங்கு அதிர்ந்தது. சத்தம் கேட்டால் முயல் பின்னங்காலில் எழுந்து காதை உயர்த்திப் பார்க்கும், அது அதன் சுபாவம். எங்கள் கூண்டில் அது பாதி எழும்போதே தலை கம்பியில் இடித்தது. உடனே முதுகைக் கூன் போட்டு உட்கார்ந்தது. பின்னங்காலால் தரையை உதைத்தது. மறுபடி மோதல், மறுபடி பாதி எழல், மறுபடி கூன். அங்கியில் குண்டு உள்ளதும் இல்லாததும் ஒன்றுபோலவே. நாங்கள் பாதி முயல்களுக்குத்தான் சுமை ஏற்றியதாக நினைத்திருந்தோம். எல்லா முயல்களின் முதுகிலும் அந்தக் கூண்டு உட்கார்ந்திருந்தது.

மூட்டுகளைத் தேய்த்தது ஈயமா, கூண்டா என்று பிரிக்க இனி வழியே இல்லை. பெரிய கூண்டு கட்டி, அமைதியான இடத்தில் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். விசாரணை அதுவரை காத்திருக்காது.

நான் திரும்பி வந்து சொன்னதைப் பெரிய டாக்டர் முழுவதும் கேட்டார். மத்தியானம் கண்ணியப்பன் வந்தபோது என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். முயல்களைச் சாட்சிக்குக் கொண்டு வர முடியாது என்றார்.

கண்ணியப்பன் முதலில் இதை விளையாட்டு என்று நினைத்தார். பிறகு எழுந்துவிட்டார். "இன்னா டாக்டரு பேஜாரு பண்றீங்க? போன்ல நீங்கதான சொன்னீங்க? இந்த ஒரு ஆளுக்காவ மட்டுமா நா அலையறேன்? இது நின்னுச்சுனா ஹார்பர்ல முதுகு ஒடஞ்சி கீற அத்தினி பேருக்கும் வழி பொறக்கும்."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். இது உடைஞ்சா அத்தனை பேருக்கும் வழி அடைஞ்சு போகும்" என்றார் பெரிய டாக்டர்.

சூசையிடம் சொல்லும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் இலையோடு வந்தார். கூண்டின் கதையை எனக்குத் தெரிந்த எளிய வார்த்தையில் சொன்னேன். அவர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அப்போ செத்துதுங்களே, அதுங்கள சொம்மாவா கொன்னீங்க?"

இத்தனை வருடத்தில் விலங்குச் சோதனைக்கு அனுமதி தரும் எந்தக் குழுவும் என்னை இவ்வளவு நேராக இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. உங்களை ஒருநாள் யாராவது கேட்பார்கள். அவசரப்பட்டு ஏதாவது சொல்லிவிடாதீர்கள்.

"எனக்கு இன்னா கதி?" என்றார் பிறகு.

"டாக்டர் உங்களுக்காக வர்றார். உங்க முதுகைப் பத்தி அவருக்குத் தெரிஞ்சதைச் சொல்வார். நானும் வர்றேன்."

"வந்து இன்னா பண்ணப் போறே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாக்கை எடுத்துக்கொள்ளவில்லை.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. சமரச அதிகாரி வயதானவர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தலையாட்டுபவர். கம்பெனி சார்பில் ஒரு வக்கீலும் அவர்கள் டாக்டரும் வந்திருந்தார்கள். சூசை வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலி கொடுத்தும் உட்காராமல், சுவரோரம் நின்றார்.

கம்பெனி டாக்டர் சரளமாகப் பேசினார். "வீட்டு நாய்க்கு யார் சார் மூட்டை ஏத்தறாங்க? வயசானா அதுக்கும் முதுகு மூட்டு தேயுது. எந்தக் கால்நடை டாக்டரைக் கேட்டாலும் சொல்வாங்க. சுமை இல்லாமலே தேயுதுன்னா, சுமையைக் குறை சொல்ல என்ன இருக்கு?"

அறையில் இருந்த ஒரே கால்நடை மருத்துவர் நான். அவர் சொன்னது உண்மை. கண்ணியப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் மேசையைப் பார்த்தேன்.

பெரிய டாக்டர் எழுந்தார். "அவர் சொல்றது சரி. எங்ககிட்டயும் முயல் இருந்தது. சுமை ஏத்தினதும் தேய்ஞ்சது, ஏத்தாததும் தேய்ஞ்சது."

கம்பெனி வக்கீல் உடனே நிமிர்ந்தார். "அப்ப சுமையால இல்லைன்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

"இல்ல. ஏத்தாத முயலுக்கு ஏன் தேய்ஞ்சுதுன்னு போய்ப் பார்த்தோம். நிமிர முடியாத கூண்டுல வெச்சிருந்தோம். அதனால அந்த முயல் எதுவும் இங்க வந்து பேச லாயக்கில்ல. இவருக்குச் சாதகமாவும் இல்ல, பாதகமாவும் இல்ல." கம்பெனி டாக்டர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்ற நாய் கட்டிப் போட்டு வளர்ந்ததா, ஓடி வளர்ந்ததா? குண்டா, ஒல்லியா? எந்த ஜாதி? சில ஜாதிக்குப் பிறவியிலயே முதுகு மோசம்."

"அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?"

"என் முயலைப் பத்தி எனக்குத் தெரிய வந்ததும் அவ்வளவுதான். நான் முயலைத் திருப்பி எடுத்துக்கறேன். நீங்க நாயைத் திருப்பி எடுத்துக்கங்க."

சமரச அதிகாரி அன்று முதன்முறையாகச் சிரித்தார். "நல்லது. இப்ப இந்த அறையில மனுஷங்க மட்டும்தான் இருக்கோம்" என்றார். பிறகு இரண்டு டாக்டர்களையும் ஒரே கேள்வி கேட்டார். இந்த மனிதரால் இனி மூட்டை தூக்க முடியுமா? முடியாது என்று இருவரும் சொன்னார்கள். நிற்கவும் நடக்கவும் முடியுமா? முடியும் என்றார்கள். அதிலும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

"படிக்கத் தெரியுமா?" என்று சூசையைக் கேட்டார்.

"பேப்பர்லாம் வராது சார். லாரி நம்பர் நல்லா படிப்பேன். வருசக்கணக்கா பாத்துகினு தான கீறேன்."

அன்று மாலைக்குள் உடன்பாடு வந்தது. கம்பெனி கிடங்கின் வாசலில் வண்டிகளைச் சரிபார்த்து அனுப்பும் வேலை சூசைக்கு. உடன்படிக்கைத் தாளில் காரணம் சுமையா, வயதா என்ற இடத்தை அதிகாரி வெறுமையாக விட்டுவிட்டார். கண்ணியப்பனுக்கு அது பெரிய ஏமாற்றம். மற்ற தொழிலாளர்களுக்கு அதை வைத்து எதுவும் கேட்க முடியாது. படியிறங்கும்போது அவர் எங்களை விட்டு முன்னால் போய்விட்டார். அதற்குப் பிறகு முதுகு போனவர்கள் சிலர் எந்த வேலையும் கிடைக்காமலே வீட்டோடு போனார்கள். பெரிய டாக்டர் அதை மறக்கவில்லை. புதிய கூண்டுகளுக்காக அவர் அலைந்த அலைச்சலைப் பார்த்தவள் நான்.

எர்ணாவூரில், ரயில் சத்தம் எட்டாத ஒரு தோட்டத்தில், முயல்கள் எழுந்து நிற்கவும் ஓடவும் இடம் வைத்து எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். அதற்கே சில வருடம் போனது. லேபிள்களை மறைத்து, என்னையும் சேர்க்காமல், வேறு ஊர்க்காரர் ஒருவரைப் பார்க்கச் சொன்னோம். இந்தத் தடவை சுமை ஏற்றாத முயல்களின் மூட்டுகள் பெரும்பாலும் வழவழவென்று இருந்தன. ஏற்றியவை தேய்ந்திருந்தன.

முடிவு வந்த மறுநாள் மத்தியானம் நான் சூசையைத் தேடிப் போனேன். கிடங்கு வாசலில் காக்கிச் சட்டையில் நின்றிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. முதுகுக்காகக் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

"சுமை தூக்கினா முதுகு மூட்டு தேயுதுன்னு இப்ப தெரிஞ்சுடுச்சு" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "மெய்யாவா?"

"மெய்யாத்தான். முயலுக்கு."

"மொசலுக்கா." கொஞ்சம் யோசித்தார். "மனுசனுக்கு?"

"மனுஷன் ரெண்டு கால்ல நிக்கறான். முயல் வேற மாதிரி. சுமையால தேயலாம்ன்ற வரைக்கும் சொல்லலாம். உங்களுக்கு அதனாலதான் தேய்ஞ்சுதான்னு இன்னும் சொல்லத் தெரியல."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"தெரிலன்றத சொல்றதுக்கா இந்த வெயில்ல இம்மாந்தூரம் நடந்து வந்தே?" என்றார். ஸ்டூலைக் கையால் துடைத்து நிழலில் தள்ளிப் போட்டார். "குந்தும்மா மொதல்ல."

நான் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து ஒரு லாரி வந்தது. இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, அதன் நம்பரைச் சத்தமாகப் படித்தபடி அவர் அதை நோக்கி நடந்தார்.